ஏழாம் தூண்

குளிர்காலத்தில் இந்தச் சரிவு எனக்கு
இரவில் மட்டும்தான் பழக்கம்.
விளக்கைப் போட்டுக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து
பனியை வழித்து வழித்துப் பாய் விரிப்பது என் வேலை.
காலையில் சறுக்க வருகிறவர்களுக்குக்
கல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியக்கூடாது.

ஜூலையில் கோபிலா மலை இளிக்கும்.
கல்லும் வேரும் முண்டுமாய்
அத்தனை பல்லையும் காட்டும்.
நாற்காலி லிஃப்டுக்கு அடியில் புல்லை வெட்டியபோது
ஒற்றைக் கையுறைகள் மூன்று கிடைத்தன,
மார்ச்சில் யாரோ அழுது அழுது தேடிய
கார்ச் சாவி ஒன்றும்.
டிக்கெட் ஜன்னலில் வைத்தேன்.
சாவி இன்னும் அங்கேதான்.

சைக்கிள் பந்தயத்துக்குத் தடம் போட எட்டு நாள்.
ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்தான்.
ஒரு மேடு, மரக்கட்டை பதித்த இறக்கம்,
பிறகு பீர்க் கூடாரத்தைச் சுற்றி ஒரு வளைவு
(வளைவு ஸ்லாவ்கோவின் யோசனை.
கூடாரமும் அவனுடையதே).

இருபது நிமிடம். அவ்வளவுதான் மொத்தப் பந்தயமும்.
முதலில் போகிறவள் சுற்றி வந்து
உன் முதுகைத் தொட்டுவிட்டால் நீ இறங்கிவிட வேண்டும்.
இறக்கிவிடுகிற ஆள் நான்.
நடுவர் லுட்விகா விசிலை என் கழுத்தில் மாட்டி
"பாவம் பார்க்காதே" என்றாள்,
"பாவம் பார்த்தால் எலும்பு முறியும்."

நாற்பது பெண்கள், ஆளுக்கொரு கால் தரையில்.
துப்பாக்கி வெடித்ததும் நாற்பது காலணியும்
மிதிகட்டையில் ஒன்றாய்க் கொக்கி மாட்டிய சத்தம்,
கரண்டிக் கூடையைக் கவிழ்த்ததுபோல.
முதல் சுற்றில் முகங்கள் தெரிந்தன.
மூன்றாவதில் எல்லாரும் வெறும் வாய்கள்.
தூசி மட்டும்
ஒருவருக்கும் வழிவிடாமல் நடுவில் நின்றது.

முப்பத்தேழாம் எண் யெர்னேயா.
உள்ளூர்க்காரி, குளிர்காலத்தில் வாடகைக் கடையில்
நாளைக்கு இருநூறு பேருக்குப் பூட்ஸ் மாட்டிவிடுகிறவள்.
கடைசியாக வந்துகொண்டிருந்தாள்,
கடைசி என்றால் அவளுக்குப் பின்னால் வெயில்தான்.
ஆறாவது சுற்றில் வெயிலுக்கும் பின்னால்
அந்தச் செக் நாட்டுக்காரி தெரிந்தாள்,
தலையைக் குனிந்து, முழங்கை விரித்து,
கதவை உடைக்க வருகிறவளைப்போல.

யெர்னேயா என்னைப் பார்த்தாள்.
நான் விசிலைப் பார்த்தேன்.
ஊதினேன்.

நின்றிருக்க வேண்டும்.
சிவப்பு நாடாவுக்கடியில் குனிந்து நுழைந்தவள்
சைக்கிளை மேலே திருப்பினாள்.
மேலே என்றால் செங்குத்தாக,
ஜனவரியில் கை தேர்ந்தவர்களே
ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டு இறங்கும் சரிவில்.
புல், கல், எறும்புப் புற்று,
சும்மா தொங்கும் நாற்காலிகளுக்குக் கீழே
இஞ்ச் இஞ்சாக ஏறினாள்.
ஒலிபெருக்கி வேறு யார் யார் பெயரையோ கத்தியது.
மாடுகள் இரண்டு மேய்வதை நிறுத்திப் பார்த்தன.
ஐந்தாம் தூண். ஆறாம் தூண்.
ஏழாம் தூணருகே முன்சக்கரம் எழும்பியது,
சாய்ந்தாள், எழவில்லை,
படுத்தபடியே வானத்தைப் பார்த்து
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அல்லது மூச்சு வாங்கினாள்.
அத்தனை தூரத்திலிருந்து எப்படிச் சொல்ல.

யார் ஜெயித்தது என்று
மறுநாள் ஸ்லாவ்கோவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

டிசம்பரில் கடைக்குப் போனேன்.
ஜெர்மன் பையன் ஒருவனின் காலைப் பூட்ஸுக்குள்
திணித்துக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.
என் பூட்ஸைப் பார்த்தே "விசில்காரர்" என்றாள்.
திருகாணி இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது ஜனவரி. நள்ளிரவு தாண்டி
ஏழாம் தூணை நெருங்கும்போது
கத்தியை ஒரு விரற்கடை தூக்கிவிடுகிறேன்.
அடியில் இரண்டு மீட்டர் பனி, அதற்கும் அடியில்
நசுங்கிய புல்.
அங்கே மட்டும் ஏன் மேடாக இருக்கிறது என்றார் முதலாளி.
வண்டி பழசு என்றேன்.